கோலமாவில் போட்ட எல்லைக்கோடு

சுண்ணாம்புப் பொடி பாதிக் கோட்டிலேயே தீர்ந்துபோனது. கால்பந்து மாஸ்டர் சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். ஒரு பிடி தேறவில்லை. காலை ஆறரை மணி, மார்கழி ஞாயிறு. மைதானத்தை ஒட்டிய தெருவில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா இதைப் பார்த்துவிட்டு, கோலமாவு டப்பாவோடு அப்படியே மைதானத்துக்குள் வந்துவிட்டார்.

"எங்கேருந்து எது வரைக்கும் போடணும்? சொல்லு தம்பி."

அவரைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். குனிந்த தலை நிமிராமல், நூல் பிடித்ததுபோல, நாலு பேரும் சேர்ந்து பத்தே நிமிடத்தில் மிச்சக் கோட்டைப் போட்டு முடித்தார்கள். மூலைகளில் கார்னருக்கான கால்வட்டத்தை ஒரே இழுப்பில் வளைத்த அழகைப் பார்க்க வேண்டும். என் சின்னவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.

அந்தக் காலையைப் பற்றி வீட்டில் பேசிப் பேசித் தீரவில்லை, அலுவலகத்தில் சொல்லியும் தீரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளை வளர்க்கும் எல்லாரிடமும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும்போல் இருக்கிறது: உங்கள் பக்கத்தில் எங்காவது இப்படி ஒரு குடும்பக் கால்பந்து நாள் நடந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். நீங்களும் போங்கள்.

அந்த மைதானம் வியாசர்பாடியில். வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் எங்களுக்கு நாலாவது நிறுத்தம் வியாசர்பாடி ஜீவா. என் கணவரோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் அந்தப் பகுதிக்காரர். "பசங்களை மட்டும் அனுப்பாதீங்க, குடும்பத்தோட வாங்க. அண்ணியும் ஆடலாம்" என்று கூப்பிட்டிருந்தார். பத்து வயதுப் பெரியவன் முதல் நாள் இரவே பத்தாம் எண் போட்ட அர்ஜென்டினா ஜெர்சியை மாட்டிக்கொண்டுதான் படுத்தான். 2022 டிசம்பரில் கத்தாரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை அப்பாவின் மடியில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து வீட்டில் அவனுக்கு மெஸ்ஸியைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

ஏழு வயதுச் சின்னவள் கதை வேறு. போன வருடம் பள்ளி விளையாட்டு விழாவில் இரண்டு மணி நேரம் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தாள். தேர்வு ஓட்டத்தில் பின்தங்கியவர்களுக்கு விழாவில் வேலை அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில், "நான் எப்பம்மா ஓடுவேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குக் காலையில் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அங்கேயும் நான் கைதட்டணுமா?" என்றாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. மாஸ்டர் சொன்னார்.

ஏழு மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்தார். அறுபது, எழுபது பிள்ளைகள் இருக்கும். கிழிந்த கேன்வாஸ் ஷூ போட்டவர்கள், புதுப் பூட்ஸ் போட்டவர்கள், வெறுங்காலோடு வந்தவர்கள், எல்லாரும் ஒரே மண்ணில். "இன்னிக்கு ஒரே ஒரு ரூல்தான்" என்றார். "வந்தவங்க எல்லாரும் ஆடணும். எல்லாரும் ஒரே அளவு நேரம் ஆடணும்."

சொல்வது எளிது, அதை எப்படி நடத்துவார்கள் என்று நினைத்தேன். நடத்திக் காட்டினார்கள். அணிக்கு ஆறு பிள்ளைகள். களத்தில் நாலு பேர், வெளியே இரண்டு பேர். ஆட்டம் ஒன்பது நிமிடம். மைதானத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதில் இரும்புக் கம்பியால் ஓர் அடி. கணீரென்று கேட்டதும் இருவர் வெளியே வர, இருவர் உள்ளே போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சரியாக ஆறு நிமிடம் வருகிறது. ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோல் மேல் கோலாகப் போடும் பையனுக்கும் ஆறு நிமிடம். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைக்கும் ஆறு நிமிடம். காலை முழுக்க நாலு ஆட்டம், ஆளுக்கு 24 நிமிடம். நான் பார்த்த எத்தனையோ சட்டதிட்டங்களில் இவ்வளவு நியாயமான ஒன்றைப் பார்த்ததில்லை.

கோப்பை கிடையாது. புள்ளிப் பட்டியல் கிடையாது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. ஆனால் ஒவ்வொரு கோலுக்கும் மைதானமே எழுந்து கத்தியது. வெற்றி வேண்டாம் என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினார்கள். தோற்றவர்களுக்கு அடுத்த ஆட்டம் காத்திருந்தது, அழுது முடிக்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பிள்ளைகளின் அளவுக்கு வெட்டித் தைத்திருந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். நாங்கள் வீட்டுக்கு வாங்கிய பந்து ஐந்தாம் நம்பர். பெரியவர்கள் ஆடுவது. 410 முதல் 450 கிராம் எடை, சுற்றளவு 70 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதை உதைத்து உதைத்துக் கால் விரல் வீங்கி, "எனக்கு ஷூட் வராது" என்று பெரியவன் முடிவே கட்டியிருந்தான். இங்கே அவன் வயதுக்காரர்களுக்கு நாலாம் நம்பர் பந்து கொடுத்தார்கள். சின்னவள் குழுவுக்கு மூன்றாம் நம்பர், சுமார் 300 கிராம்தான். பெரியவன் முதல் உதையிலேயே திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். குறை காலில் இல்லை, பந்தில்தான் இருந்திருக்கிறது.

மைதானமும் அப்படித்தான். ஒரு பெரிய களத்தைக் கயிறும் கோன்களும் வைத்து நாலாகப் பிரித்திருந்தார்கள். கோல் போஸ்ட் மூங்கிலில் கட்டியது, பிள்ளைகளின் தோள் உயரம். முழு அளவு கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதன் நடுவில் ஒரு ஏழு வயதுக் குழந்தையை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதினொரு பேர் ஆடும் பெரிய களத்தில் சின்னப் பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டே இருக்கும், தொட முடியாது. நாலுக்கு நாலு ஆடும்போது பந்து தானாகவே எல்லார் காலுக்கும் வருகிறது. ஆஃப்சைடு இல்லை. பந்து வெளியே போனால் கையால் எறிய வேண்டாம், கோட்டில் வைத்து உதைத்தால் போதும். சின்னக் குழுவில் தலையால் முட்டக் கூடாது. "மண்டை வளர்ற வயசுக்கா, இப்ப எதுக்கு அது?" என்றான் பயிற்சி கொடுத்த பையன். இங்கிலாந்திலேயே 2020இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவது வேண்டாம் என்று கால்பந்துச் சங்கம் சொல்லிவிட்டது.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரி முதல் வருடம். இதே மைதானத்தில் ஆறு வயதில் வந்து நின்றவனாம். இப்போது வாரம் இரண்டு நாள் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். கொடி பிடித்தவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள், மணி அடித்தவர்கள் என்று அங்கே நின்ற இளையவர்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய இதே கதை. நேற்று கற்றுக்கொண்டவர் இன்று கற்றுக்கொடுக்கிறார். வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. இங்குள்ள பிள்ளைகளுக்குப் பந்தை விட்டால் வேறு பொழுது இல்லை என்று சிலர் நினைக்கலாம். மாஸ்டரிடம் கேட்டபோது அவர் சொன்னது வேறு: "ஸ்கூலுக்குப் போனாத்தான்மா பந்து. லீவு போட்டா இங்கேயும் லீவு."

டீக்கடையில் ஒரு பெரியவர் என் கணவரைப் பிடித்துக்கொண்டார். "நந்தகுமார் நம்ம ஏரியாப் புள்ள, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். தெரியாமல் என்ன? 2023 ஆகஸ்டில் துராந்த் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றதே, அந்த ஒற்றை கோலை அடித்தவர். இந்த இரு அணிகளும் மோதும் கொல்கத்தா டெர்பியில் நாலு வருடத்துக்கும் மேலாக வெற்றியே காணாத ஈஸ்ட் பெங்கால் ரசிகர் கூட்டத்துக்கு ஒரே உதையில் தீபாவளி கொண்டுவந்தவர். பெரியவர் அந்த கோலைக் கண்ணாடி டம்ளரையும் பிஸ்கட்டையும் வைத்து எங்களுக்கு நடத்தியே காட்டினார். சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிய தனபால் கணேஷும் இந்த மண்தான் என்றார். பெரியவன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். மெஸ்ஸி இருப்பது தொலைக்காட்சியில். நந்தகுமார் வளர்ந்த தெருவோ நாலு நிறுத்தம் தள்ளி இருக்கிறது. இந்தச் சேதி ஒரு பத்து வயதுப் பையனுக்குள் என்ன செய்யும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சின்னவள் குழுவுக்கு ஒரு பெண் நடுவர். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளை, இரட்டைப் பின்னல், கழுத்தில் விசில். ஆட்டம் தொடங்குமுன் சிறுமிகளை அருகில் கூப்பிட்டு, "இந்துமதி அக்கா யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கடலூரிலிருந்து வந்து இந்தியாவுக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர், 2018இல் தமிழ்நாடு பெண்கள் அணி மணிப்பூரைத் தோற்கடித்து தேசிய சாம்பியன் ஆனபோது அணியில் இருந்தவர் என்று கதைபோலச் சொன்னாள். 2023இலும் நம் பெண்கள் அந்தப் பட்டத்தை வென்றதைச் சொல்லிவிட்டு, "அடுத்தது யாரு?" என்றாள். எட்டுக் கை மேலே போனது. என் மகளின் கையும் அதில் இருந்தது. கூடவே ஒரு சந்தேகமும் கேட்டாள்: "போலீஸ் டிரெஸ்ல ஆடுவாங்களா?" நடுவர் பிள்ளை அவளைக் கட்டிக்கொண்டாள்.

முதல் ஆட்டத்தில் சின்னவள் ஓரமாகவே நின்றாள். பந்து அவளிடம் வரவும் இல்லை, அவள் தேடிப் போகவும் இல்லை. இரண்டாவதில் ஒருமுறை முழங்காலில் பட்டுப் போனது. மூன்றாவது ஆட்டத்தில் தண்டவாள மணி அடித்து உள்ளே போனாள். எதிரணிப் பையனின் காலிலிருந்து நழுவிய பந்து அவள் முன்னால் வந்து நின்றது. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கணம் பந்தைப் பார்த்தாள். தலையைத் தூக்கினாள். வலதுபக்கம் ஓடிவந்த ஒரு பையனைப் பார்த்து, பாதத்தின் உட்பக்கத்தால் தட்டிவிட்டாள். அரை மணி நேரம் முன்புதான் அதைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவன் ஓட்டத்தை நிறுத்தாமல் மூங்கில் கோலுக்குள் உதைத்தான். கோல் அடித்தவன் கையை விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஓடுவான் என்று நினைத்தேன். அவன் திரும்பி நேராக என் மகளிடம் ஓடிவந்து, "செம்ம பாஸ், பாப்பா!" என்று கையில் கை அடித்தான்.

அந்த மூன்று வார்த்தை எங்கள் வீட்டில் அன்று எத்தனை தடவை ஒலித்தது என்று கணக்கே இல்லை.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்றேனே, அதற்கும் ஒரு முறை இருந்தது. பெற்றோர் கைதட்டலாம், விசில் அடிக்கலாம், யார் கோல் போட்டாலும் கொண்டாடலாம். "இப்படி அடி, அங்கே ஓடு" என்று யோசனை மட்டும் சொல்லக் கூடாது. மாஸ்டர் காரணத்தைச் சொல்லிவிட்டார்: "பந்து காலுக்கு வர்றப்போ அப்பா ஒரு பக்கம் கத்துவாரு, அம்மா ஒரு பக்கம் கத்துவாங்க. புள்ள யாரைக் கேக்கும்? யோசிக்கிறதையே விட்டுடும்." என் கணவர் டிவி முன்னால் உட்கார்ந்து பதினொரு பேருக்கும் வழி சொல்பவர். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவள் தலையைத் தூக்கிப் பார்த்துத் தட்டிவிட்ட அந்த நொடியில் என் கையை இறுக்கிப் பிடித்தார். "யாரும் சொல்லல, அவளாவே பாத்தா" என்று மட்டும் சொன்னார். வேண்டியது அதுதானே! ஒரு குழந்தை தானாகப் பார்த்து, தானாக முடிவெடுத்து, அது சரியாகவும் அமைந்துவிடுகிற நொடிக்குச் சாட்சியாக நிற்பதைவிடப் பெற்றோருக்கு என்ன வேண்டும்?

ஒன்பதரைக்குக் குடும்ப ஆட்டம். அணிக்கு இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள். பெரியவர்கள் நடக்கலாம், ஓடக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தொடக் கூடாது. கோல் போட உரிமை பிள்ளைகளுக்கு மட்டும். என் வாழ்க்கையில் நான் பந்தை உதைத்ததே இல்லை. துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு இறங்கினேன். எதிரணிக்கு ஒரு பாட்டி கோலி. புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்றார் பாருங்கள், அப்படி ஒரு கம்பீரம்! பெரியவன் அடித்த இரண்டு பந்தையும் பிடித்துவிட்டார். மூன்றாவதை அவன் என்னிடம் தள்ளினான். நான் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தி, அடுத்த தட்டில் அவனிடமே திருப்பினேன். அவன் போட்டான். பத்து வயதாகிவிட்டது என்று வெளியிடங்களில் என்னைக் கட்டிக்கொள்வதை நிறுத்தியிருந்த என் மகன், அத்தனை பேர் முன்னால் ஓடிவந்து என் மேல் தாவினான். பாட்டி கோலை விட்டு வெளியே வந்து எங்கள் இருவரின் கன்னத்தையும் கிள்ளினார்.

பிறகு சாப்பாடு. வட சென்னைக்குப் போய் வயிறு நிறையாமல் திரும்ப முடியுமா? தெரு அக்காக்கள் சேர்ந்து இட்லியும் வடகறியும் போட்டிருந்தார்கள். வழக்கமாகச் சாயங்காலம் கடை போடும் ஓர் அண்ணன் அன்றைக்கு மட்டும் காலையிலேயே அத்தோ போட்டார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கூடவே கொண்டுவந்த பண்டம் அது. நூடுல்ஸில் கோஸும் வெங்காயமும் புளித் தண்ணீரும் வறுத்த பூண்டும் போட்டுக் கையால் பிசைந்து, பக்கத்தில் சூடாக வாழைத்தண்டு சூப். நாலு ஆட்டம் ஆடிவிட்டு வேப்பமர நிழலில் மண்ணில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுப் பாருங்கள். காய்கறி என்றால் முகம் திருப்பும் என் பிள்ளைகள் இருவரும் இரண்டாவது தட்டு கேட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். புதுப் பூட்ஸ் வாங்க ஓட வேண்டாம், காலுக்குப் பொருந்தும் பழைய கேன்வாஸ் ஷூ போதும். பந்து வாங்குவதானால் வயதுக்கேற்ற நம்பர் கேட்டு வாங்குங்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தொப்பி, மாற்றுச் சட்டை எடுத்துப் போங்கள். முழங்கால் சிராய்க்கும், அதற்குக் கொஞ்சம் பஞ்சும் மருந்தும் பையில் இருக்கட்டும். சீக்கிரம் போய்விடுங்கள். கோடு போடுவதிலிருந்து பார்க்க வேண்டிய நாள் இது. பிள்ளை முதல் ஆட்டத்தில் ஓரமாக நின்றால் தள்ளிவிடாதீர்கள். மணி மறுபடி அடிக்கும், மறுபடி உள்ளே போகும்.

பதினொரு மணிக்கு நாங்கள் கிளம்பும்போது அந்தக் கோலமாவுக் கோடு அழிந்து, மைதானம் முழுக்கச் சின்னச் சின்னக் கால்தடங்களாகப் பரவியிருந்தது. காலையில் கோடு போட்ட அம்மா வாசலில் நின்று, "அடுத்த தடவை செம்மண் கொண்டாறேன், கலராவே போட்டுடலாம்" என்று மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரயிலில் சின்னவள் என் மடியில் தூங்கிப்போனாள். முழங்காலில் மண், விரலிடுக்கில் மண், காதோரத்தில் மண். துடைக்க மனம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை வாசல் தெளித்துவிட்டுக் கோலமாவு எடுக்க உள்ளே வந்தால் டப்பாவைக் காணோம். வெளியே எட்டிப் பார்த்தேன். சின்னவள் தரையில் குந்தி உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணலும் மாணலுமாக ஒரு நீளக் கட்டம் போட்டு முடித்திருந்தாள். இரண்டு முனையிலும் இரண்டு கோல். பக்கத்து வீட்டு நாலு வயதுப் பொடியன் தூக்கம் கலையாத கண்ணோடு படியில் நின்றிருந்தான். அவன் கையில் பிளாஸ்டிக் பந்து.

"அம்மா, நீ கோலி" என்றாள். "ஆறு நிமிஷம் நீ, ஆறு நிமிஷம் நான். அவனுக்கும் ஆறு நிமிஷம். யாரும் சும்மா உக்காரக் கூடாது, சரியா?"

அன்றைக்கு எங்கள் வாசலில் வேறு கோலம் போடவில்லை.